வெள்ளி தேய்ந்தது, தெய்வம் வளர்ந்தது!

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் புரளும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். "அவன் நாணயமானவன்" என்று ஊரார் ஒருவனைப் பாராட்டும்போது, அவன் மடியில் எத்தனை காசு இருக்கிறது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் வாக்குக்கு எத்தனை மாற்று என்பதே கேள்வி. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் வழங்கியதில் பொருள் இருக்கிறது. மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்க வேண்டும். இருந்தால் நாணயம், இல்லையேல் வெறும் தகடு!

இந்த உரைகல்லில் ஒரு பேரரசை உரைத்துப் பார்ப்போம். மூன்று கண்டங்களில் கொடி நாட்டிய ரோமாபுரியை உரைத்துப் பார்ப்போம்.

செய்தித்தாள் இல்லாத காலம் அது. வானொலி இல்லை, சுவரொட்டி இல்லை. ஆயினும் ஸ்பெயின் நாட்டு உழவனுக்கும், சிரியா நாட்டு வணிகனுக்கும், ரைன் ஆற்றங்கரையில் காவல் நின்ற போர்வீரனுக்கும், "உன்னை ஆள்பவன் இன்னான், அவன் இத்தகையவன்" என்று சலியாமல் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு சின்னஞ்சிறு வெள்ளி வட்டம். தெனாரியஸ் என்பது அதன் பெயர். சீசர் காலத்தில் அதன் எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர்ச் சிறுவர்கள் "பூவா, தலையா?" என்று சுண்டி விளையாடுவார்களே, அதுபோல் அதற்கும் ஒருபுறம் தலை, மறுபுறம் பூவுக்குப் பதிலாக ஒரு படம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக் காலம் ரோமாபுரியின் வெள்ளிக் காசுகளில் தலைகள் மாறின, படங்கள் மாறின, உள்ளிருந்த வெள்ளியும் மாறிற்று. வெள்ளி மேலிருந்து கீழே இறங்கியது. வேந்தனின் விருது கீழிருந்து மேலே ஏறியது. இரண்டும் எதிரெதிரே நடந்த அந்தப் பயணத்தைத்தான் இங்கே காணப்போகிறோம்.

மன்னன் இல்லாத காசு

கி.மு. 211ஆம் ஆண்டளவில் பிறந்தது தெனாரியஸ். கார்த்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபால் இத்தாலிய மண்ணில் நின்று ரோமாபுரியைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். கருவூலம் வறண்டிருந்தது, படைக்கோ பணம் தேவை. புதிய வெள்ளிக் காசு அடித்தார்கள். பத்து வெண்கலக் காசுக்கு அது ஒன்று சமம். பத்து என்ற பொருளிலிருந்தே அதன் பெயரும் வந்தது. இன்றும் பல நாடுகளில் வழங்கும் 'தினார்' என்ற பெயருக்கு மூலம் அதுவே.

அந்த முதற் காசின் முன்புறம் தலைக்கவசம் அணிந்த பெண்ணின் தலை. பின்புறம் குதிரைமீது பாயும் இரட்டை வீரர்கள். இவர்களெல்லாம் கதையில் வருபவர்கள். உயிரோடு உலவும் எந்த மனிதனுடைய முகமும் அதில் இல்லை. ஏன்? ரோமாபுரி அப்போது குடியரசு. கி.மு. 509இல் கடைசி மன்னனை விரட்டியடித்ததாக அவர்கள் மரபு கூறிற்று. 'மன்னன்' என்ற சொல்லே அவர்கள் காதுக்குக் கசந்தது. கிழக்கே, அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்க மன்னர்கள் தம் முகத்தைக் காசில் பொறித்துக்கொண்டனர். அது முடியரசின் முத்திரை. நமக்கு ஆகாது என்று ரோமானியர் ஒதுக்கினர்.

காசடிக்கும் பொறுப்பு, ஆண்டுதோறும் அமர்த்தப்பட்ட இளம் அதிகாரிகள் மூவருக்கு உரியது. யூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி நாணயச்சாலை அமைந்திருந்தது. அந்த 'மொனேட்டா' என்ற பெயரிலிருந்தே, பணத்தைக் குறிக்கும் 'மணி' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. பட்டறைக் கல்லில் ஓர் அச்சு; கையில் மற்றோர் அச்சு; இரண்டுக்கும் நடுவே வெள்ளி வில்லை. ஓங்கி ஓர் அடி! இருபுறமும் ஒரே நொடியில் உருவம் விழும்.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? அதையும் கேட்டாக வேண்டும். ஸ்பெயின் நாட்டில், புதிய கார்த்தேஜ் நகருக்கு அருகே இருந்த சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்தனர் என்றும், நாள் ஒன்றுக்கு 25,000 வெள்ளிக் காசு மதிப்புள்ள வருவாய் ரோமாபுரிக்குக் கிடைத்தது என்றும் பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். ஸ்பெயின் சுரங்கங்களில் அடிமைகள் இரவும் பகலும் மண்ணுக்கடியில் வதைந்ததையும், வாழ்வைவிடச் சாவை விரும்பியதையும் தியோதோரஸ் எழுதி வைத்துள்ளார். எழுத்துச் சான்று போதாது என்பார்க்கு இயற்கையே சான்று தருகிறது. வெள்ளியைப் பிரித்தெடுக்க ஈயக் கனிமத்தை உருக்கினார்கள். அந்தப் புகை காற்றில் ஏறி, வட கோடியிலுள்ள கிரீன்லாந்தின் பனியில் போய்ப் படிந்தது. அந்தப் பனியை ஆழத் துளைத்து எடுத்து, அடுக்கடுக்காக ஆராய்ந்த அறிவியலாளர்கள், ரோமாபுரியின் ஏற்றமும் இறக்கமும் ஈயப் படிவில் பதிந்திருப்பதை 2018இல் வெளியிட்டனர். அரசவைப் புலவர்கள் மறைத்ததைப் பனிக்கட்டி மறைக்கவில்லை!

காளை முட்டிய ஓநாய்

குடியரசு என்றதும், எல்லோருக்கும் உரிமை இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இத்தாலிய நாட்டு மக்கள் ரோமாபுரிக்காகப் போரிட்டனர், குருதி சிந்தினர். ஆனால் குடியுரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. போர்க்களத்தில் தோழர், வாக்களிக்கும் களத்தில் அயலார்! பொறுத்துப் பார்த்தவர்கள் கி.மு. 91இல் பொங்கியெழுந்தனர். கார்ஃபினியம் என்ற நகரைத் தலைநகராக்கி, அதற்கு 'இத்தாலிக்கா' என்று பெயரிட்டனர். காசும் அடித்தனர்.

அந்தக் காசுகளுள் ஒன்று உலக வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. இத்தாலியின் சின்னமாகிய காளை, ரோமாபுரியின் சின்னமாகிய ஓநாயைக் கொம்பால் குத்தித் தரையில் கிடத்துகிறது. அதில் பொறித்த எழுத்து இலத்தீன் அன்று. அவர்களுடைய ஓஸ்கன் மொழியின் எழுத்து. தெனாரியஸின் எடை, தெனாரியஸின் வடிவம், ஆனால் சொல்லும் செய்தி வேறு. ஆதிக்கக்காரனின் கருவியை எடுத்து, அதிலேயே தம் தாய்மொழியைப் பொறித்த மக்கள் அவர்கள்.

போரில் அவர்கள் வெல்லவில்லை. ஆயினும் கேட்ட குடியுரிமையைச் சட்டமியற்றிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் ரோமாபுரிக்கு ஏற்பட்டது. ஓஸ்கன் மொழியோ பின்னாளில் வழக்கொழிந்தது. கல்வெட்டுகளிலும் இத்தகைய காசுகளிலுமே அதன் சுவடு இன்று எஞ்சியிருக்கிறது. மொழியைப் பேசியவர்கள் மறைந்தாலும், "நாங்கள் இருந்தோம்" என்று அந்த வெள்ளி வட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முகம் நுழைந்த ஆண்டு

கி.மு. 44. இந்த ஆண்டைக் கொலை நடந்த ஆண்டாக மட்டுமே பள்ளிப் பாடம் நமக்குக் காட்டுகிறது. காசின் வரலாற்றில் அது வேறொன்று நடந்த ஆண்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில், ரோமாபுரியின் நாணயச்சாலை முதன்முதலாக உயிரோடிருக்கும் ஒரு ரோமானியனின் முகத்தைக் காசில் பொறித்தது. யூலியஸ் சீசரின் முகம்! சுருக்கம் விழுந்த கழுத்து, வாகை மாலை சூடிய தலை. பக்கத்தில் 'நிலையான சர்வாதிகாரி' என்ற பட்டம். மறுபுறம், தன் குலத்தின் மூதாய் என்று அவன் பெருமை பேசிய வீனஸ் தெய்வம்.

முடியைத் தலையில் சூட்டவில்லை; காசில் சூட்டிக்கொண்டான். விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கிற்று. மார்ச் 15 அன்று செனட் கூட்டத்தில் அவன் மீது வாள்கள் பாய்ந்தன.

கொன்றவர்களுள் முதல்வன் புரூட்டஸ். விடுதலைக்காகவே கொன்றேன் என்றான். பின்னர்ப் படை திரட்டியபோது அவனும் காசடித்தான். ஒருபுறம் இரண்டு கட்டாரிகள். அவற்றின் நடுவே, விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய். கீழே மார்ச் 15ஐக் குறிக்கும் எழுத்து. கொலையைக் கொள்கையாக அறிவித்த காசு! மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள். யார் முகம்? புரூட்டஸின் முகம்! உயிரோடிருப்பவன் முகத்தைக் காசில் பொறித்த சீசரைக் குத்தியவன், இரண்டே ஆண்டுக்குள் தன் முகத்தையே பொறித்துக்கொண்டான். ஆளை வீழ்த்துவது எளிது. ஆள் கொண்டுவந்த பழக்கத்தை வீழ்த்துவது அரிது. கி.மு. 42இல் பிலிப்பி களத்தில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டான் புரூட்டஸ். முகம் மட்டும் காசை விட்டுப் போகவேயில்லை.

தெய்வத்தின் மகன்

அடுத்து வந்தவன் ஆக்டேவியன். பின்னாளில் அகஸ்டஸ் என்று பெயர் பூண்டவன். சீசரின் தத்துப்பிள்ளை. முரட்டுத்தனம் இல்லாத மூளைக்காரன். 'மன்னன்' என்ற சொல்லை அவன் தொடவேயில்லை. அதைவிடப் பெரிய சொல்லைத் தொட்டான். கி.மு. 42இல் செத்துப்போன சீசரைத் தெய்வம் என்று அறிவித்தது செனட் சபை. தந்தை தெய்வமானால் தனயன் யார்? காசில் பொறித்தான்: 'சீசர், தெய்வத்தின் மகன்'.

சீசர் இறந்த ஆண்டில், அவன் நினைவாக நடந்த விழாவின்போது வானில் ஒரு வால்மீன் தோன்றியது. வானியல் அறிந்தவனுக்கு அது ஞாயிற்றைச் சுற்றிவரும் பனியும் தூசும். அகஸ்டஸுக்கோ அது அரசியல் மூலதனம். சீசரின் ஆவி விண்ணேறிய அடையாளம் அது என்று பாமரர் நம்பினர். கி.மு. 19-18 அளவில் வெளிவந்த தெனாரியஸில் அந்த வால்மீன் எட்டுக் கதிர்களோடு மின்னுகிறது. 'தெய்வ யூலியஸ்' என்ற எழுத்தும் உண்டு. விழா கண்ட கூட்டம் கலைந்து ஒரு தலைமுறை ஆன பிறகும், வால்மீன் மட்டும் சந்தைக்குச் சந்தை சுற்றிவந்தது.

பொய் சொல்லவும் வெள்ளி உதவிற்று. கி.மு. 53இல் பார்த்தியரிடம் ரோமாபுரிப் படை படுதோல்வி கண்டு, படைக்கொடிகளை இழந்தது. கி.மு. 20இல் அகஸ்டஸ் அவற்றை மீட்டான். போரிட்டா? இல்லை, பேச்சு நடத்தி! பேசி மீட்டது இகழத்தக்கதன்று. குருதி சிந்தாமல் காரியம் முடிந்தது நன்றே. ஆனால் காசில் என்ன படம் வந்தது? பார்த்தியன் ஒருவன் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகிறான்! நடக்காத போருக்கு வெற்றிப் படம். பார்த்திய நாட்டையே பார்த்திராத கோடிக்கணக்கான மக்கள் அதை நம்பியிருப்பார்கள். கையில் இருப்பது நல்ல வெள்ளியல்லவா? உலோகம் மெய்யாக இருந்ததால் உருவமும் மெய்யாகத் தோன்றிற்று.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அகஸ்டஸின் தெனாரியஸ் ஏறக்குறையத் தூய வெள்ளி. அதன்மேல் எழுதிய 'தெய்வத்தின் மகன்' என்ற புகழுரை, வெள்ளியின் நம்பிக்கையைக் கடன் வாங்கி நின்றது. பின்னாளில் இந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. வெள்ளி வெளியேறியபோது, தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தகட்டை நம்பச் சொன்னார்கள்!

அழுகின்ற பெண்ணும் ஆடும் குழந்தையும்

அகஸ்டஸுக்குப் பின் வந்த டைபீரியஸின் காசில், 'தெய்வ அகஸ்டஸின் மகன்' என்ற எழுத்து ஒருபுறம். 'தலைமைப் பூசாரி' என்ற பட்டம் மறுபுறம். வாளும் மணியும் ஒரே கையில்! வரி கட்டலாமா என்று இயேசுவிடம் கேட்டபோது காட்டப்பட்ட காசு இதுவே என்று பலர் கருதுவர்.

அந்த யூத நாடு கி.பி. 66இல் கிளர்ந்தெழுந்தது. கி.பி. 70இல் எருசலேம் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. வெற்றி பெற்ற வெஸ்பாசியனின் தெனாரியஸைப் பாருங்கள். படைக்கலன்களை மாட்டிய வெற்றிக் கம்பம். அதனடியில் கையில் தலை சாய்த்து அமர்ந்திருக்கும் ஒரு பெண். கீழே 'யூதேயா' என்ற ஒரே சொல். ஒரு நாட்டு மக்களின் கண்ணீரைக் காசாக அடித்து, அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள்! அதோடு நின்றதா? யூதர்கள் தம் கோயிலுக்குச் செலுத்திவந்த தலைக்கு இரண்டு வெள்ளியை, இனி ரோமாபுரியின் யூப்பிட்டர் கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார்கள். தோற்ற தெய்வத்தின் உண்டியலை வென்ற தெய்வத்தின் வாசலுக்குத் திருப்பிவிட்டார்கள்.

வெஸ்பாசியன் நகைச்சுவை உணர்வுள்ளவன். சாகும் தறுவாயில், தான் தெய்வமாகி வருவதாகக் கேலி பேசினான் என்று சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். தெய்வமாக்கும் தொழிலின் உள்வேலை அவனுக்குத் தெரியாதா என்ன! அவன் மகன் டொமிஷியனுக்கோ அந்தச் சிரிப்பு வரவில்லை. இளமையிலேயே இறந்துபோன தன் மகனைத் தெய்வமாக்கிக் காசில் பொறித்தான். உலக உருண்டையின்மீது அமர்ந்து கைகளை நீட்டும் குழந்தை. சுற்றிலும் ஏழு விண்மீன்கள். பிள்ளையை இழந்த துயரம் எந்தத் தந்தைக்கும் துயரம்தான். ஆனால் சுரங்கத்தில் செத்த அடிமையின் குழந்தைக்கு எந்த விண்மீன் ஒதுக்கப்பட்டது?

தராசு அறிந்த உண்மை

வெள்ளியில் கைவைத்த முதல் பேரரசன் நீரோ. கி.பி. 64இல் ரோமாபுரி தீக்கிரையான ஆண்டு அது. அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தார்கள். இனி 96 என்றாயிற்று. தூய்மையும் குறைக்கப்பட்டது. அதே நீரோவின் தலையில்தான், காசுகளில், ஞாயிற்றின் கதிர்கள் முடியாக முளைத்தன. வெள்ளி குறைந்த வேளையும் கதிர் முளைத்த வேளையும் அருகருகே அமைந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டை அறிந்துகொண்ட ஓர் இடம் நம் தமிழகம். கோவை, கரூர் வட்டாரங்களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடையவை. நீரோ கைவைப்பதற்கு முந்திய நல்ல வெள்ளி. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ், அதாவது ஒன்றேகால் கோடி தெனாரியஸ், போய்விடுகிறது என்று பிளினி புலம்பியது அந்த நூற்றாண்டில்தான். மிளகை அளந்து கொடுத்த தமிழ் வணிகனுக்கு அகஸ்டஸ் யாருடைய மகன் என்பதில் அக்கறையில்லை. அவன் வால்மீனை வணங்கவில்லை, வெள்ளியைப் பார்த்தான். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், பேரரசனின் முகத்தின் மீதே உளிவெட்டு விழுந்திருக்கிறது. உலோகத்தைச் சோதிக்க வெட்டினர் என்பார் சிலர்; செலாவணியிலிருந்து நீக்க வெட்டினர் என்பார் சிலர். எதுவாயினும், தெய்வத்தின் முகம் என்று எந்த உளியும் தயங்கவில்லை!

பிளினி இன்னொரு செய்தியும் தருகிறார். கிளாடியஸ் ஆட்சிக் காலத்தில், காற்றால் அலைப்புண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்த ரோமானியன் ஒருவனிடம் இருந்த தெனாரியஸ்களை இலங்கை மன்னன் பார்த்தான். காசுகளில் முகங்கள் வேறு வேறு, எடையோ ஒன்றே. இதைக் கண்டு ரோமானியரின் நேர்மையை வியந்து, தூதுவர்களை அனுப்பினான். முகங்களை எண்ணி அவன் மதிக்கவில்லை. முகம் மாறியும் மாறாத எடையை மதித்தான். நாணயம் என்ற சொல்லின் இரு பொருளையும் ஒரு நொடியில் கண்டுகொண்டவன் அவன்.

ஏலம் போன அரியணை

கி.பி. 193. பேரரசன் பெர்ட்டினாக்ஸை மெய்காவற் படையினரே கொன்றார்கள். கொன்றபின் அரியணையை ஏலத்தில் விட்டார்கள்! ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ், அதாவது 6,250 தெனாரியஸ், தருவதாகச் சொல்லி அதை எடுத்தவன் டிடியஸ் யூலியானஸ். அவன் அடித்த காசில் பொறித்த பட்டம் என்ன தெரியுமா? 'உலகை நடத்துவோன்'! அறுபத்தாறு நாளில் அவன் கதை முடிந்தது.

அடுத்து வந்த செப்டிமியஸ் செவரஸ் அரசியலின் சூத்திரத்தை ஒளிக்காதவன். படைவீரரைச் செல்வராக்குங்கள், மற்ற எவரையும் பொருட்படுத்தாதீர்கள் என்று மைந்தருக்கு அறிவுரை கூறியதாகக் காசியஸ் டியோ எழுதுகிறார். படைவீரர் ஊதியத்தை உயர்த்தினான். வெள்ளிக்கு எங்கே போவது? தெனாரியஸில் செம்பைக் கலந்தான். ஏறத்தாழப் பாதிதான் வெள்ளி எஞ்சியது. அதே நேரத்தில், தனக்கு எந்த உறவுமில்லாத, இறந்து தெய்வமாக்கப்பட்ட மார்க்கஸ் ஆரேலியஸின் மகன் நான் என்று அறிவித்துக்கொண்டான். உலோகத்தில் கலப்படம், குலமுறையிலும் கலப்படம்!

அவன் மகன் காரகல்லா கி.பி. 215இல் புதியதொரு காசைக் கொண்டுவந்தான். இரண்டு தெனாரியஸுக்குச் சமம் என்று கருதப்பட்ட காசு. உள்ளேயோ ஒன்றரைக் காசின் வெள்ளிதான். மிச்ச அரைக்கு என்ன ஈடு? பேரரசன் தலையில் ஞாயிற்றின் கதிர்முடி! எந்த அரைக் காசின் வெள்ளியைக் காணவில்லையோ, அதன் இடத்தில் ஞாயிறு வந்து அமர்ந்துவிட்டது. இதைவிட வெளிப்படையாக ஒரு வரலாறு பேசுமா?

பிறகு சரிவுதான். பேரரசன் பிலிப் 'உலகின் பாதுகாப்பு' என்று காசில் எழுதினான், கி.பி. 249இல் உள்நாட்டுப் போரில் மாண்டான். கி.பி. 260இல் பேரரசன் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டான். அவன் மகன் காலியனஸ் 'படைவீரரின் பற்றுறுதி' என்று காசில் எழுதினான், கி.பி. 268இல் தன் படைத்தலைவர்களாலேயே கொல்லப்பட்டான். எது இல்லையோ அதையே எழுதினார்கள்! அவன் ஆட்சியின் இறுதியில் காசில் இருந்த வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அப்போது வந்த காசுகளில் மான், வெள்ளாடு, சிறுத்தை, கடற்குதிரை! டயானாவே காப்பாற்று, யூப்பிட்டரே காப்பாற்று, நெப்டியூனே காப்பாற்று என்று ஒவ்வொரு தெய்வத்தின் வாசலிலும் கையேந்திய காசுகள் அவை.

கி.பி. 260இல், எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரில் அதிகாரி ஒருவன் பிறப்பித்த ஆணை பாப்பிரஸ் ஏட்டில் கிடைத்திருக்கிறது. காசு மாற்றும் வணிகர்கள், பேரரசரின் 'தெய்வீகக் காசை' வாங்க மறுத்துக் கடையை அடைத்துவிட்டார்களாம். உடனே திறக்க வேண்டும், போலியல்லாத காசனைத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும், மீறினால் தண்டனை என்கிறது அந்த ஆணை. உள்நாட்டுக் குழப்பத்தில் புதிதாக முளைத்த பேரரசர்கள்மீது ஐயமோ, தேய்ந்த காசின்மீது ஐயமோ, வணிகன் கதவைச் சாத்திவிட்டான். தெய்வீகக் காசு, ஆனால் செல்லாக் காசு! வாங்கவைக்கத் தெய்வம் போதவில்லை, தண்டனை தேவைப்பட்டது.

பிறந்த தெய்வம்

உச்சக் காட்சி ஆரேலியனுடையது. ஆற்றல் மிக்க படைத்தலைவன்; சிதறிய பேரரசை ஒன்றுசேர்த்தவன். அதை மறுப்பதற்கில்லை. கி.பி. 271இல் ரோமாபுரியின் நாணயச்சாலைப் பணியாளர்களே கலகம் செய்தனர்; அதை அடக்குவதில் 7,000 வீரர்கள் மாண்டனர் என்று பழைய ஆசிரியர்கள் கூறுவர். கி.பி. 274இல் காசைச் சீர்திருத்தினான். புதிய காசில் ஓர் எண் பொறிக்கப்பட்டது. இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்பதே அதன் பொருள் என்பர் ஆய்வாளர் பலர். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. சில காசுகளில் அவன் பெயருடன் ஓடும் எழுத்து: 'தெய்வமாகவும் தலைவனாகவும் பிறந்தவன்'!

எண்ணிப் பாருங்கள். மனிதத் தலையே இல்லாத காசு தூய வெள்ளியாக இருந்தது. 'தெய்வத்தின் மகன்' என்றபோதும் வெள்ளி இருந்தது. கதிர்முடி வந்தபோது வெள்ளி சரிந்தது. 'பிறவித் தெய்வம்' என்று எழுதியபோது இருபதில் ஒரு பங்கே மிஞ்சிற்று! அந்தப் பிறவித் தெய்வத்தைக் கி.பி. 275இல் அவன் அதிகாரிகளே கொன்றார்கள். செயலாளர் ஒருவன் போலியாக எழுதிய கொலைப் பட்டியலை நம்பி, தங்கள் உயிருக்கு அஞ்சிச் செய்த கொலை அது. போலிக் காசின் காலத்தில் போலி ஏடும் செல்லுபடியாயிற்று. அந்த ஆண்டுகளையொட்டி எகிப்தில் விலைவாசி பன்மடங்கு ஏறியதைப் பாப்பிரஸ் ஏடுகள் காட்டுகின்றன. கி.பி. 301இல் டயோக்ளீஷியன் பண்டங்களுக்கு உச்சவிலை விதித்து, மீறினால் மரணம் என்றான். கோதுமை அந்த ஆணைக்கு அஞ்சவில்லை.

தெய்வம் என்று எழுதிக்கொண்டதனால் வெள்ளி குறைந்தது என்று நான் வாதிடவில்லை. போர், கொள்ளைநோய், வற்றிய சுரங்கம், ஓயாது கைநீட்டிய படை, இவையே காரணங்கள். ஆனால் காரணங்களை மக்களிடம் சொல்லியிருக்கலாம். செலவைச் சுருக்கியிருக்கலாம். செல்வரை வரி கொடுக்கச் செய்திருக்கலாம். அவற்றுக்கு நேர்மை வேண்டும். கதிர்முடி வரைவதற்கோ, அச்சு வெட்டும் ஒரு தட்டான் போதும்! ஏமாந்தவர்கள் யார்? ஆண்டு முழுதும் உழைத்து, கூலியாகத் தகட்டைப் பெற்றவர்கள். பழைய நல்ல வெள்ளியைப் பானையில் இட்டுப் புதைக்கத் தெரிந்தவர்கள் தப்பினார்கள். அன்றாடம் வாங்கி அன்றாடம் செலவிடும் ஏழைக்குப் புதைக்க என்ன இருந்தது?

இளைஞரே! இன்று நம் கையிலுள்ள காசில் வெள்ளி இல்லை. தாளில் உலோகமே இல்லை. வாக்கே மதிப்பாகிவிட்ட காலம் இது. ஆகவே வாக்கை நிறுக்கும் தராசு முன்னைவிட இன்று நமக்குத் தேவை. பட்டம் நீளும்போதெல்லாம் பண்டத்தின் எடையைக் கேளுங்கள். முகம் பெரிதாகும்போதெல்லாம் கணக்கைக் கேளுங்கள். ஒளிவட்டம் தோன்றும்போதெல்லாம், எந்த அரைக் காசு குறைகிறது என்று தேடுங்கள். மிளகு விற்ற நம் வணிகன் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே செய்த வேலை அது. அவன் எந்த ஏட்டையும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் காசைக் கையில் வாங்கியதும் கும்பிடவில்லை, தராசில் போட்டான்!